திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

தாம்பெரேயில் டிசம்பர்.
மூன்று மணிக்கே வெளிச்சம் கடையைச் சாத்திவிடும்.
ராய்லி ஹக்கரைனெனின் பட்டறை
ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில்,
பொதுச் சானாவுக்கு அடுத்த அறை.
வெள்ளிக்கிழமை மாலைகளில் சுவர் வியர்க்கும்.
அன்று மட்டும் அவள் ஈயம் உருக்குவதில்லை,
கணக்கு எழுதுவாள்.
வருடத்துக்கு ஒன்பது ஆம்ப்ளிஃபயர்.
பத்தாவது கேட்டால்
"இடுப்பு விடாது" என்பாள்.

நாங்கள் ஐந்து பேர்.
டிராம் பணிமனையில் நான்.
பல் மருத்துவர் எஸ்கோ.
நூலகத்தில் புத்தகம் அடுக்கும் தூலிக்கி.
மணமுறிவில் ஸ்பீக்கர்களை மட்டும்
கேட்டு வாங்கிவந்த யோர்மா.
எதிலும் குறை காணும் பிர்க்கோ;
அவளில்லாமல் எதுவும் நடக்காது.

"ஏன் அவளுக்கு இப்படிக் கொடி பிடிக்கிறீர்கள்?"
பெரிய கடையின் விற்பனைப் பையன்
ஒருநாள் கேட்டான். கோபமில்லாமல்தான்.

அவளுடைய பெட்டியின் மூடியைத் திருகித் திறந்தால்
உள்ளே பென்சிலில் தேதி இருக்கும்,
கூடவே அன்றைய நிலவரம்:
"மழை. இடது மின்மாற்றி கொஞ்சம் பிடிவாதம்."
உன் பெட்டியைத் திறந்தால்
திறந்த குற்றத்துக்கே உத்தரவாதம் போய்விடும்.
உங்களுக்குப் போன் செய்தால்
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து,
பிறகு காத்திருப்பவர்களுக்கென்று ஒரு இசை.
ஒலிப்பெட்டி விற்கிறவர்கள் ஐயா நீங்கள்,
அதுவும் கரகரக்கிறது!
அவளுக்குப் போன் செய்தால்
வாயில் ரொட்டியோடு அவளே பேசுவாள்.

இவ்வளவும் அவனிடம் சொன்னேன்.
சொல்லாதது ஒன்று உண்டு.
விமான நிலையத்தில் விற்கும் பெயரை விரும்ப
என்ன சாமர்த்தியம் வேண்டும்?
யாருக்கும் தெரியாத பெயரை உச்சரிக்கும்போது
நாமும் ஒரு விரல் உயரம் கூடிவிடுகிறோம்.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.
நாங்கள் அடுத்த வீட்டுக் குஞ்சுக்குப்
பொன் பூசியவர்கள்.

சோதித்துப் பார்ப்போம் என்றது எஸ்கோ.
தூலிக்கியின் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம்,
நீலப் பழங்கள் அச்சிட்ட பருத்தித் துணி.
பின்னால் பிர்க்கோ கம்பிகளை மாற்றி மாற்றிச் செருக,
மீட்டர் வைத்து ஒலியைச் சமன் செய்து,
ஒரே செல்லோ, பத்து முறை.
முதலாவதா, இரண்டாவதா, எது ராய்லி?
சீட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவதில் மூச்சு கேட்டது.
வில்லில் பூசிய மெழுகின் மணம்கூட வந்ததாக
யோர்மா சத்தியம் செய்தான்.
நான் கண்களை மூடி,
அவள் பென்சிலைப் பார்த்தபடியே
"இரண்டு" என்று எழுதினேன்.

நான்கு சீட்டிலும் இரண்டு.

பிர்க்கோ விரிப்பை விலக்கினாள்.
இரண்டாவது,
அந்தப் பையன் விற்கும் பெட்டி.
மணிக்கு நாற்பது இறங்குமாம் அது தொழிற்சாலையில்.

காப்பி ஆறுகிற சத்தம் கேட்டது.

ராய்லியிடம் யார் சொல்வது?
வெள்ளிக்கிழமை பார்த்து நான் போனேன்,
கையில் சூடான இரும்பு இருக்காது என்று.
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்.
கேட்டு முடித்து
"எந்த இடத்தில்?" என்றாள்.
எந்த இடத்தில் என்றால்?
"என்னுடையது எந்த இடத்தில் தோற்றது?
தாழ்ந்த தந்தியிலா, வில் திரும்பும்போதா?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பாட்டை நான் அவ்வளவு கேட்கவில்லை.
பக்கத்து அறையில் யாரோ
கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு உறை.
மிட்டாய்த் தாளில் சுற்றிய இரண்டு ரெசிஸ்டர்,
"மாற்றிப் பார். பிடிக்காவிட்டால் பழையதே இருக்கட்டும்."
மாற்றினேன். விரல் சுட்டுக்கொண்டேன்.

வித்தியாசம் மலையளவு என்கிறான் யோர்மா.
இல்லவே இல்லை என்கிறார் எஸ்கோ.
எனக்கு, சில ராத்திரிகளில் இருக்கிறது.

மறுபடி சோதிக்கலாமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
விரிப்பைத் துவைத்துத்
தன் மெத்தையிலேயே விரித்துவிட்டாள் தூலிக்கி.