பின்னாலிருந்து

கப்பல் பிப்ரவரி பன்னெண்டு, தூத்துக்குடி.
அங்கிருந்து திருப்பூருக்குப் பின்னோக்கி நடக்கிறேன்
பென்சிலோடு.

பேக்கிங் நாலு நாள். செக்கிங் ஆறு.
தையல் பதினெட்டில் பொங்கல் வந்து முட்டுகிறது;
ஊருக்குப் போன டெய்லர்கள்
சொன்ன தேதிக்குத் திரும்பியதை
இந்தக் காம்பவுண்டில் யாரும் கண்டதில்லை.
ஒரு வாரம் கூட்டினேன்.

சாயப்பட்டறை கிட்டுச்சாமி
"பத்தே நாளுங்க மேடம்" என்றார்.
பதினாலு எழுதினேன்.
எழுதுவேன் என்று அவருக்கும் தெரியும்.

நிட்டிங் எட்டு.

நூல் வாங்கியிருக்க வேண்டிய நாள்
போன செவ்வாய்க்கிழமை.

அன்றைக்குத்தான் முதலாளி
"எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டது.
தலையாட்டியது நான்.

இன்று சனி. ரப்பரைத் தேடுகிறேன்.
பதினாலைப் பத்தாக்கி
ஊதிவிடுகிறேன் தூளை.

கிட்டுச்சாமியை நம்பியாயிற்று.