நாலாவது கட்டம்

காரைக்குடி, செக்காலை ரோட்டில்
பெரிய வீடொன்றின் முன்கட்டில்
எங்கள் நகைக்கடன் கிளை.
ஆத்தங்குடிக் கல்மேல் சக்கர நாற்காலிகள்.
ஒன்பதரைக்கு ஷட்டர்,
ஒன்பது நாற்பதுக்கு அந்த ஜோக்:
"பேரு சிகப்பி. ஆளப் பாத்தா கரண்ட் போன மாதிரி."

மேனேஜர் வயிரவன் சாருக்கு நல்ல குரல்,
வாசலில் செருப்பு கழற்றுகிறவர் வரை கேட்கும்.
நாங்கள் சிரிப்போம்,
நூறாவது தடவை என்றாலும்.
சிரிக்காதவர்மேல் அடுத்த ஜோக்:
சர்க்குலர் வராமலே எங்களுக்குத் தெரிந்த விதி.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் டிபனைத் திறந்து
வெள்ளைப் பணியாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு
"இதாவது வெள்ளையா இருக்கே" என்றார்.
நானும் ஒன்று எடுத்தேன்.
மெத்தென்று, நன்றாகவே இருந்தது.

மார்ச் கணக்கில் ஒரு சங்கிலி
இரண்டு கிராம் உதைத்தது.
எடை போட்டது அவர். கையெழுத்து அவளுடையது.
வட்டாரக் குரூப்பில் போட்டார்:
"சிலருக்குக் கண்ணும் இருட்டு."
கீழே பதினொரு மஞ்சள் முகங்கள்,
கண்ணில் நீர் வரச் சிரித்து.
ஆறாவது நான்.

அடிக்கடி லாக்கர் ரூமுக்குப் போவாள்.
அழத்தான் என்று நினைத்தோம்.
"டச்சப்" என்பான் மெய்யப்பன்.
சாவி வாங்க ஒருநாள் உள்ளே போனேன்.
நின்றபடி எழுதிக்கொண்டிருந்தாள்,
கிழித்த தினக் காலண்டர் தாளின் முதுகில்.
ஸ்கேல் வைத்துப் போட்ட நாலு கட்டம்.
தேதி. மணி. சொன்னது.
சிரித்தவர்.

பெ. தெய்வானை.
சம்பளப் பட்டியலில் இருப்பதுபோல
இனிஷியலோடு என் பெயர்.
பக்கத்தில் ஒரு கட்டுத் தாள்கள்.
எண்ணிக்கொண்டே போய்ப் பதினேழில் நிறுத்தினேன்.
"சாவி ஆணில தொங்குது" என்றாள்.

மதுரையிலிருந்து விசாரணைக்கு இருவர் வந்தார்கள்.
"அவரு எல்லாரையும் கலாய்ப்பாருங்க"
ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டு வந்தோம்,
வந்தார்கள்.
என் முறைக்கு முதலில் தண்ணீர் கேட்டேன்.
"கலாய்ப்புன்னே எழுதிக்கலாமா?" என்றார் அந்த அம்மா.
வேண்டாம்.
அந்த ஜோக்கை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்,
இழுப்பு, நிறுத்தம், எதுவும் விடாமல்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
அதே வார்த்தைகள்தான்.
பிறகு, அவர்கள் கேட்காமலே,
நான் சிரித்த தேதிகளைச் சொன்னேன்.

முடிவு இன்னும் வரவில்லை.
வயிரவன் சார் வருகிறார், கையெழுத்துப் போடுகிறார்,
ஒன்பது நாற்பதுக்குத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.
என்னிடம் இப்போது மெய்யப்பன் பேசுவதில்லை.
சிகப்பியும்தான்.

காலையில் காலண்டர் கிழிப்பவள் அவள்.
தாளைக் கசக்கிப் போடுவதில்லை,
இன்னமும்.
இரண்டாய் மடித்து
தராசுக்கு அடியில் வைக்கிறாள்.