புறவாசல் தொட்டிக் கணக்கு

வாடகை ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவு அது:
புறவாசலில் வெந்நீர்த் தொட்டி ஒன்று, நீல நிறம்,
ஆறு பேர் உட்காரலாம்,
பராமரிப்பு குடியிருப்போர் பொறுப்பு.
மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் மகன் கப்பலில் அனுப்பியதாம்.
லீவில் வந்து ஒரு தடவை உட்கார்ந்தானாம்,
வேர்க்கிறது என்று எழுந்து போனானாம்.

மகாராஜநகரில் குளிர்காலம் என்பது
ஒரு மரியாதைக்குச் சொல்வது.
இருபத்திரண்டு டிகிரிக்கு
காதில் மஃப்ளர் சுற்றிப் பால் வாங்கப் போவார்கள்.
இருந்தாலும்
கார்த்திகை பிறந்து வாடை திரும்பியதும்
நாங்கள் நாலு பேரும் ஒரு நோட்டுப் போட்டோம்.
சனி இரவு மட்டும் சூடு.
குளோரின் புஷ்பராணி, மூடி நூர்ஜமீலா,
மீட்டர் ஆவுடைச்செல்வி, வடிகட்டி நான்.

முருங்கைக்கு அடியில் தொட்டி வைத்தவனை
வையாத ஞாயிறு எனக்கு இல்லை.
பொடி இலையும் பூவும்
மடிப்புக்கு மடிப்பு போய் உட்கார்ந்துகொள்ளும்.
பழைய பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வரும்
ஜமீலாவின் நீள முடி,
மைனா இறகு,
ஒருநாள் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.
அதை மீட்டர் பெட்டியில் ஒட்டிவைத்தேன்.
எங்களில் பொட்டு வைப்பவள் ஒருத்திதான்.
அவள் தொட்டியில் இறங்கியதே இல்லை.
“சுடுதண்ணியில ஊறுததுக்கு நான் என்ன புளியாளா?” என்பாள்.

மழை வந்தால் மூடிமேல் குளம் கட்டும்.
வாளியால் கோரி ஊற்றினால்
தவளை ஒன்று கடைசிவரை இறங்க மறுக்கும்.
“ஆத்துத் தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் நிரப்புங்கம்மா,
போர்த் தண்ணின்னா ஹீட்டர் கம்பி சுண்ணாம்பு கட்டிரும்”
என்றார் பிளம்பர் சுடலையாண்டி.
ஆற்றுத் தண்ணீர் வருகிற அன்று
கரண்ட் போகும்.

ஐந்நூறு யூனிட் தாண்டினால்
பில்லுக்கு வேறு முகம்.
மார்கழி இருபதாம் தேதி நானூற்று எண்பத்தொன்று.
கணக்கெடுக்க ஆள் வர இன்னும் பத்து நாள்.
தொட்டியை நிறுத்தினோம்.
இஸ்திரியை நிறுத்தினோம்.
ஃபிரிட்ஜையும் நிறுத்தியதில்
தோசை மாவு பொங்கி மேடையில் வழிந்தது,
யாரும் யாரையும் திட்டாமல் துடைத்தோம்.

அப்படிக் காத்த மீட்டர்
ராத்திரி நானூற்றுத் தொண்ணூற்று நாலில் கிடந்தது,
விடிந்து பார்த்தால் ஐந்நூற்று ஏழு.

“எவடீ போட்டது?” என்று புஷ்பராணி
சமையல்கட்டில் நின்று கேட்டாள்.
ஆவுடை போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியும்.
நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
மூடி பாதி விலகி இருந்தது.
பனியில் ஆவி எழுந்து முருங்கைவரை போனது.
கழுத்தளவில் ஆவுடை,
ஆஸ்பத்திரிச் சீருடையோடு,
கண்ணை மூடாமல்.
“கால் கடுக்குது, அதான்” என்றாள்.
சரி என்றேன்.
எந்த வார்டு, யார், என்ன வயசு,
எதுவும் கேட்கவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன்.
தொட்டி சூடேற ஆறு மணி நேரம்.
ராத்திரி ஒன்பதரைக்கு டூட்டி முடிந்து வந்தவள்
சுவிட்சைப் போட்டுவிட்டு
சாப்பிடாமல், உடை மாற்றாமல்,
துவைக்கிற கல்லில் உட்கார்ந்து
ஆறு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள்.
அவ்வளவு நேரமும்
தண்ணீர் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் இளகியிருக்கும்.

நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
மூடி சரியாகப் பொருந்தவில்லை,
சூடு வெளியேறிவிட்டது.

ஜமீலா வாசித்தாள்.
மூடி அவள் பொறுப்பு.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
மீட்டர் பெட்டியைப் பார்த்தாள்,
“ஆமா, கிளிப்பு லூசு” என்று கையெழுத்துப் போட்டாள்.

பில்லை நாலாகப் பிரித்தோம்.
அடுத்த ஞாயிறு வடிகட்டியில்
இலை, பூ, இறகு.
மீட்டர் பெட்டியில் இப்போது
இரண்டு பொட்டு.