சேவை இடைவெளி

கிண்ணியாப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வந்தாள் ஸப்ரீனா.
ஹெல்மெட்டைப் படியில் வைத்தவள்
என் கையைத் தொடுமுன்
யன்னல் பிணைச்சலைத்தான் தொட்டாள்.
விரலில் கறள்.
"இது எப்ப போட்டது?"
போன வருசம்.
உவர்மலை என்று சும்மாவா பேர் வைத்தார்கள்.

பையிலிருந்து ஒரு சின்னக் கருவி;
அதன் சிவப்புப் புள்ளி
ஹாலைக் கடந்து போய்ச் சுவரில் குந்தியது.
பன்னிரண்டடி நாலங்குலம்.
எட்டு வருசமாக இந்தச் சுவரோடு இருக்கிறேன்,
அதன் நீளம் எனக்குத் தெரியாது.

யோகதாஸ் சலாலாவிலிருந்து ஃபோனுக்குள் வந்தார்,
முதுகுக்குப் பின்னால் அடுக்கடுக்காய்க் கொள்கலன்கள்.
சுவர் முழுக்க டிவி. சீலிங்கில் நீல லைட்.
குசினியில் ஒரு பார் கவுண்டர்,
கால் நிலத்தில் முட்டாத உயரத்தில் ரெண்டு கதிரை.
வருசத்தில் ஏழு கிழமை வீட்டில் நிற்கிற மனுசன்
மிச்ச நாற்பத்தைந்துக்கும் சேர்த்து ஆசைப்பட்டார்.
எல்லாம் எழுதிக்கொண்டாள்.
எம்டிஎஃப் மட்டும் வேண்டாம் என்றாள்,
வாடை தொடங்கினால்
தேத்தண்ணியில் போட்ட பாண் மாதிரி ஊதும்.

வாசலுக்கு மூன்று பூச்சட்டி வரைந்திருந்தாள்.
மான் விடாது, என்றேன்.
போன மாதம் கொடியில் காயப்போட்ட திரைச்சீலையையே
கீழ்க்கரையில் அரைவட்டமாய்த் தின்றுவிட்டு
ஒன்றும் நடக்காதது போல்
டொக்யார்ட் வீதிப்பக்கம் இறங்கிப் போனது.
சிரித்தாள். சட்டிகளை அழித்தாள்.
அழித்த இடத்தில் கொம்போடு ஒன்றை வரைந்து
அதற்கும் அளவு போட்டாள்.

பிறகு, ஃபோன் துண்டித்த பிறகு, கேட்டாள்:
"வேல முடிஞ்சு வந்தா மொதல்ல எங்க இரிப்பீங்க?"

சோபாவில் என்று சொல்லியிருக்கலாம்.

நைட் டியூட்டி முடிந்து ஏழரைக்கு வருவேன்.
யன்னல் திறக்க மாட்டேன். நேரே குசினி.
பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நிலத்தில் இருந்து
பிரிட்ஜில் முதுகைச் சாய்ப்பேன்.
மோட்டார் நடுங்குவது முதுகுக்குக் கேட்கும்.
பத்து நிமிசம்.
வாட்டில் ஒரு கட்டில் வெறுமையான நாளென்றால்
இருபது.

இதை அவள் எழுதவில்லை.
எழும்பிப் போய், அபாயாவை ஒதுக்கிக்கொண்டு
அந்த இடத்தில் தானே இருந்தாள்.
பிரிட்ஜ் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.
"குளிர் எண்டு நெனச்சேன்" என்றாள்,
"வெளிப்பக்கம் சூடு."
இருந்தபடியே சிவப்புப் புள்ளியை
எதிர்ச்சுவருக்கு அனுப்பினாள்.
இரண்டடி ஒன்பது.

மூன்றாம் கிழமை படங்கள் வந்தன.
கம்ப்யூட்டர் போட்ட வெயில்,
எந்த ஊருக்கும் சொந்தமில்லாத காலை.
கிண்ணத்தில் ஆறு பச்சை அப்பிள்.
அளவு காட்ட ஒரு சாம்பல் ஆள், முகமில்லாமல்,
யன்னலோரம் நின்று
துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
யோகதாஸுக்கு அவனைப் பிடித்துவிட்டது.
தன்னைப் போலவே நிற்கிறானாம்.
டிவிச் சுவர் இருந்தது. நீல லைட் இருந்தது.
பார் கவுண்டர் ஓரடி குறைந்திருந்தது,
அதை அவர் கவனிக்கவில்லை.

கொட்டேஷனில் பதினேழாவது வரி:
சேவை இடைவெளி. தேக்குப் பலகை ஒன்று.
மெத்தை ஒன்று. கதவு இல்லை.

"சேவை இடைவெளி எண்டா என்ன?"
பிரிட்ஜுக்குக் காத்துப் போக.
"ஓ. அது தேவைதான்.
இந்த உப்புக் காத்துக்கு மெசின் கெதியில போயிடும்."
ஓம், என்றேன்.

இரவு வாட்டிலிருந்து ஸப்ரீனாவுக்கு ஒரு செய்தி போட்டேன்:
பலகை நிலத்திலிருந்து ஆறங்குலத்துக்கு மேல் வேண்டாம்.
ஆறாம் கட்டிலின் சேலைனை மாற்றிவிட்டு வரும்போது
பதில் வந்திருந்தது:
நாலு.