இன்னொரு பல்

லிங்கராஜபுரம், விடியற்காலை நாலரை.
கனமானது கீழே, அச்சுக்குப் பக்கத்தில்:
ஜாக்கி, தண்ணீர் கேன், வின்ச் கயிறு.
மேலே கூடாரமும் தலையணையும் மட்டும்.

முறுக்கிக்கொண்ட பட்டையை அவிழ்த்து
மறுபடி நேராக்கி, ராட்செட்டை இழுத்துப் பூட்டி
விரலால் சுண்டுகிறான் எபினேசர்.
'டொய்ங்' என்றால் சரி.
'தொப்' என்றால் இன்னொரு பல்.

போன மாதம் கனகபுரா பாறைச்சரிவில்
எல்லாம் கட்டியிருந்தோம்,
என் மடியிலிருந்த ஊறுகாய் பாட்டிலைத் தவிர.
அவன் புருவத்தில் மூன்று தையல்.
மாவடு வாசனைக்கு
டாக்டர் சிரித்தேவிட்டார்.
மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை.

இன்று பாட்டிலுக்கும் ஒரு பட்டை.
அதைச் சுண்டிப் பார்த்தது நான்.

ஹெண்ணூர், முதல் வேகத்தடை.
இருவரும் காது கொடுக்கிறோம்.
பின்னால் ஒரு சத்தமும் இல்லை.
முன்னாலும்தான்.