பெரிய குப்பைக்கு ஒரு நாள்

நகரசபையின் கடிதத்தில் பத்துக் கோடுகள்.
எதை எறியப்போகிறீர்கள் என்று
ஒவ்வொன்றாய் எழுதித் தரவேண்டும்.
எழுதாததை லொறி ஏற்றாது.

அலுமாரி ஒன்று, கதவு கழன்றது.
மெத்தை ஒன்று.
மேசை ஒன்று.
கதிரை மூன்று. நான்காவது எப்படி உடைந்ததென்று
நானும் யோகேந்திரனும் ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினோம்.
உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று.

அந்த இடத்தில் பேனா நின்றது.
பன்னிரண்டு மாதத் தவணை.
முதல் கிழமை தினமும் நாற்பது நிமிடம்,
அடுத்த கிழமை ஈரத் துவாய்,
பிறகு அவருடைய வேலைச் சட்டைகள்.
எட்டு வருடம் அது உடுப்புக் காயும் கொடியாக
யாரையும் குறைசொல்லாமல் நின்றது.
டொக்டர் சொன்ன பத்துக் கிலோவும்
கடையில் கையெழுத்துப் போடும்போதே
இறங்கிவிட்டதாக நம்பியிருந்தேன்.
வாங்கிய அன்று
எவ்வளவு மெலிவாக இருந்தேன் நான்.

மீன்தொட்டியை எழுத மறந்துபோனோம்.
அல்லது மற்றவர் எழுதட்டும் என்று
இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.
மீன் வாங்க வாற சனி போவோம் என்ற
அந்தச் சனி
வூப்பற்றால் கலண்டர் எதிலும் இன்னும் வரவில்லை.

நாலு மாடியும் இறக்கி முடிய இருட்டிவிட்டது.
இரண்டாம் மாடிக் கெர்ஸ்டின் கதவைப் பிடித்துக்கொண்டு
மெத்தை தன்னை உரசாமல் வயிற்றை எக்கினாள்.

யன்னலால் பார்க்கக் கூடாதென்று நினைத்தேன்.
பார்த்தேன்.
இரும்பு பொறுக்குகிறவர் வானை நிறுத்தி
டோர்ச் அடித்துவிட்டுப் போனார்.
ஒரு சோடிப் பிள்ளைகள் மேசையைச் சாண் போட்டு அளந்து
ஏதோ சிரித்து, தூக்கி, மூலையில் இளைப்பாறி,
திரும்பவும் தூக்கிக்கொண்டு போனார்கள்.
அதில்தான் நான் ஜெர்மன் வினைச்சொற்கள் படித்தேன்.
போகட்டும்.

பதினொன்றே கால்.
தொங்கும் ரயில் ஆற்றுக்கு மேலே
வெளிச்சத்தைச் சுமந்து போன நேரம்
மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் வந்தான்.
சுற்றுமுற்றும் பார்த்தான்.
சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினான்.

தூறலில், எங்கள் தெருவின் ஏற்றத்தில்,
ஓர் அங்குலமும் நகராமல்
எங்கோ விரைவாகப் போய்க்கொண்டிருந்தான்.
கைப்பிடியில் சின்னத் திரை பச்சையாய்ப் பற்றியது.
மிதித்தால்தான் அது எரியும்.
அதையே மறந்துவிட்டிருந்தேன்.

யோகேந்திரனை எழுப்பினேன்.
கண்ணாடியில் நெற்றி வைத்து இரண்டு பேரும் நின்றோம்.
"கொண்டு போவான்" என்றார்.
இல்லை.
இறங்கித் தொடையைத் தட்டினான்,
சீற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்தான்,
போய்விட்டான்.
திரை கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது.

காலையில் லொறிக்காரர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள்.
சைக்கிளை ஒரு கையால் தூக்கி எறிந்தார் ஒருவர்.
சத்தம் பெரிதாக இல்லை.

ஓரமாய் மீன்தொட்டி மட்டும்.
இரவு மழை இரண்டு விரல் தண்ணீர் விட்டிருந்தது.
ஒன்றும் இராதென்று தெரியும்.
குனிந்து பார்த்தேன்.

ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான்.
தண்ணீரை ஊற்றச் சொல்லி இருவருமே சொல்லவில்லை.
படிக்குப் படி அது அலைந்து அலைந்து
என் கையில் தெறித்தது.

மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றோம்.
"சனி உங்களுக்கு வேலையா?" என்று கேட்டேன்.