முதலில் கால்

பாம்பன் ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில்தான்
மூணு கோடு சிக்னல்.
தடைக்காலம், படகு சும்மா கிடக்கிறது;
ஏறி வா, இன்னாசி.

நேராக ஓட்டாதே உன் ரோபோவை.
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சுடு.
துப்பாக்கி சூடேறி வாயடைத்தால்
சுவருக்குப் பின்னால் ஒண்டிக்கொள், வெட்கமில்லை.
ஏவுகணை வாங்கக் காசைக் கொட்டாதே,
முதலில் கால்.
கால் போன ரோபோ
தரைதட்டிய விசைப்படகு.

தனியாகச் சுற்றினால் மூன்றே நிமிஷம்.
எங்கள் கூட்டத்தில் சேர ஒரே கேள்விதான்:
தோற்கும்போது பாதியில் கழன்றுகொள்வாயா?

நேற்று என் முதுகைக் காத்தே நொறுங்கினான் ஒருத்தன்.
எந்த ஊர் என்று தட்டினேன்.
பேசாலை என்றான், மன்னார்த் தீவு.
எங்கள் மடி அறுத்த வலைகளில்
அவனுடையதும் இருக்கலாம்.
கேட்கவில்லை நான்.

ஏழரைக்கு அடுத்த ஆட்டம்;
அங்கேயும் ஏழரைதான்.